ஒரு முறை மட்டும் ஒலித்த விதி

காளவாசல் சிக்னலில் போலீஸ்காரர் இல்லாத நேரத்திலும், சிவப்பு விழுந்தால் நான் நிற்பேன், சார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஆட்டோக்காரர்கள் ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். நான் வண்டியை நகர்த்த மாட்டேன். சிம்மக்கல்லில் இருந்து கல்லூரிக்குப் போய் வந்த அத்தனை வருஷமும் இதே பழக்கம்தான். என்னைப் பற்றி எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும். கட்டாயமில்லை.

என் பெயர் துளசிராம். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி இருக்கிற அந்தப் பொறியியல் கல்லூரியில் இரண்டாயிரத்து மூன்றில் நெட்வொர்க் நிர்வாகியாகச் சேர்ந்தேன். அப்படி ஒருவர் என்ன வேலை செய்வார் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. என் மனைவி ஸ்வப்னாவுக்கும் தெரியாது. யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல இருக்காரு" என்பாள், நான் அதற்குள்ளே உட்கார்ந்திருப்பது போல.

உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசும்போது எதையும் மொத்தமாக அனுப்புவதில்லை. சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகப் பிரித்து அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு உண்டு, பைட் கணக்கில். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் படிக்கவே வேண்டாம். அளவைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரு மெஷின் இன்னொன்றைப் பார்த்து, 'இருக்கிறாயா?' என்று கேட்கும். அதற்குச் சின்னப் பாக்கெட் போதும். அந்தக் கேள்வியை ஒருவர் மூட்டை கனத்தில், அதுவும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால், அவர் நலம் விசாரிக்கவில்லை என்று அர்த்தம். பழைய மெஷினாக இருந்தால் பதில் சொல்லிச் சொல்லியே மயங்கி விழுந்துவிடும்.

அப்படி வருவதைக் கண்டுபிடிக்க நாங்கள் விதி எழுதி வைப்போம். இன்ன இடத்திலிருந்து, இன்ன அளவில் ஒன்று வந்தால் எச்சரிக்கை கொடு. ஒரே வரிதான். எழுதுவது சுலபம், நன்றாக எழுதுவதுதான் கஷ்டம். கொஞ்சம் தாராளமாக எழுதினால் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தும். அதைப் பொய் எச்சரிக்கை என்போம். நாலு தடவை பொய்யாகக் கத்திய விதியை ஐந்தாம் தடவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என் விதிகள் அப்படிக் கத்தியதே கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேல் எதற்குமே கத்தவில்லை. யாரும் எங்களைத் தாக்கவில்லை.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

கல்லூரித் தாளாளர் கருத்தக்கண்ணன் முன்பு அரிசி ஆலை நடத்தியவர். கெட்ட மனிதர் இல்லை. எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார், அவ்வளவுதான். இரண்டாயிரத்து நாலில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மோர் வரவழைத்துக் கொடுத்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்கிறக் கூடாது. வாட்ச்மேன் விசில் அடிக்கிறான், வேலை பாக்குறான்னு எனக்குத் தெரியுது. தோட்டக்காரன் செடிக்குத் தண்ணி விடுறான், தெரியுது. நீ என்ன பண்ணுறேன்னு எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

"ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன், சார்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒண்ணும் நடக்காததுக்கு ஒரு ஆளாப்பா?" என்றார். பிறகு, வருகிற பருவத்திலிருந்து என் பதவியை எடுத்துவிடலாம் என்று நினைப்பதாகவும், "நம்ம சூரியாவே இதையும் சேத்துப் பாத்துக்கிரட்டும்" என்றும் சொன்னார். நீ வேறு இடம் பார்த்துக்கொள்ள அவகாசம் இருக்கிறது, அவசரமில்லை என்றார். மோரைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

சூரியா என்றால் சூரியபிரகாஷ். கம்ப்யூட்டர் லேபில் உதவியாளர். உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருக்கிற குடும்பம். அப்பா இல்லை, அம்மா இருளாயி கடலையும் மொச்சையும் போட்டுப் படிக்கவைத்தார். டிப்ளமோ படித்திருந்தான். தோளில் கேபிள் சுருளோடு எந்த நேரமும் ஏதாவது ஒரு ஏணியின் மேல் நிற்பான். பிரின்சிபால் அறையில் பிரிண்டர் நின்றால் சூரியா, கேன்டீனில் டிவி தெரியவில்லை என்றாலும் சூரியா. என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவான். எங்கள் வீட்டு கேஸ் அடுப்பைக் கூட ஒரு முறை சரிசெய்து கொடுத்திருக்கிறான். அவன் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. சொல்லப்போனால் பிடிக்கும். அவன் வேலை செய்வதை எல்லோரும் பார்த்தார்கள். அதற்கு அவன் என்ன செய்வான்?

நான் யோசித்தது ஒன்றுதான். தாளாளர் கேட்டதில் நியாயம் இருந்தது. வேலை நடக்கிறது என்பதை அவருக்கு ஒரு தடவையாவது காட்ட வேண்டும். அதற்கு ஒரு தாக்குதல் நடக்க வேண்டும். யாராவது செய்வார்கள் என்று காத்திருக்க எனக்கு அவகாசம் இல்லை.

மார்க் ஏற்றுகிற மெஷின் மிகப் பழசு. மாற்றித் தாருங்கள் என்று நான் பல முறை கேட்டும் மாற்றவில்லை. எவ்வளவு கனம் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்துக்கு மார்க் அனுப்ப வேண்டிய வாரம் வந்தது. ஒரு நாள் காலையில் ஒரு புதிய விதி எழுதினேன். ஆயிரத்துப் பதின்மூன்று பைட். அதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வந்தால் தாளாளர் அறையிலிருக்கும் கம்ப்யூட்டரில் விசில் சத்தம் கேட்கும்படி அமைத்தேன். அவருக்குக் காதில் விழுந்தால்தான் திருப்தி.

மதியம் சூரியாவைக் கூப்பிட்டு, பிரின்சிபால் அறைக்குப் புதிதாக ஒரு கேபிள் இழுக்கச் சொன்னேன்.

"இப்பவேவாண்ணே? ரெண்டு வாய் சாப்ட்டு வாரேனே."

"வந்து சாப்பிடு. லேபை நான் பார்த்துக்கொள்கிறேன்."

ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் சாப்பாட்டு டப்பா மேஜை மேல் இருந்தது. அதை ஓரமாக நகர்த்திவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் தன் மெஷினைப் பூட்டாமலே எழுந்து போகிற பழக்கம் உள்ளவன். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவையாவது கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. மார்க் மெஷினைப் பார்த்து, 'இருக்கிறாயா?' என்று அவன் மெஷினிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். ஆயிரத்துப் பதின்மூன்று பைட் கனத்தில், விடாமல். டீ குடிக்கிற நேரத்துக்குள் அது விழுந்துவிட்டது. நாலு துறைகள் ஏற்றிக்கொண்டிருந்த மார்க் பாதியில் போயிற்று. மாடியில் விசில் கேட்டது.

தாளாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். என்னை அவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "தம்பி, என்னமோ அடிக்குதுப்பா, என்னான்னு பாரு" என்றார். பார்த்தேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். திரையைக் காட்டினேன். நான் யார் பெயரையும் சொல்லவில்லை, சார். மெஷினின் எண்ணை மட்டும்தான் சொன்னேன். அது யாருடைய மெஷின் என்பதைச் சுற்றி நின்றவர்களே சொன்னார்கள்.

சூரியா கையில் கேபிள் வெட்டுகிற கட்டரோடு வந்தான். நடந்ததைக் கேட்டதும் சிரித்தான். விளையாடுகிறார்கள் என்று நினைத்திருப்பான். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, நான் ஏணியில நின்னேண்ணே. நீங்கதானே கேபிள் இழுக்கச் சொன்னீங்க?"

"ஆமாம், நான்தான் சொன்னேன்" என்றேன். மறைக்கவில்லை. ஆனால் ஒரு நிரலை எழுதிவைத்துவிட்டுப் போனால் ஆள் இல்லாமலே அது பிறகு ஓடும் என்பதைத் தாளாளருக்கு விளக்க வேண்டியிருந்தது. அது உண்மைதானே, எந்தப் புத்தகத்தில் வேண்டுமானாலும் பார்க்கலாம். அன்றைக்கு நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

"நீங்க ஒருக்கா நல்லாப் பாருங்கண்ணே" என்று சூரியா கேட்டான். "எங்கயாவது தப்பா காட்டும்ணே. நீங்க பாத்தாத் தெரிஞ்சிரும்."

அவன் கேட்டதற்காக முதலிலிருந்து மறுபடி பார்த்தேன். அவன் என் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்று, பதிவில் நான் காட்டுகிற ஒவ்வொரு வரியையும் படித்தான். காலையிலிருந்து சாப்பிடாததால் அவன் வயிறு சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. எல்லாம் பார்த்து முடித்து, "அதேதான் வருகிறது, சூரியா" என்றேன்.

தாளாளர் போலீசுக்குப் போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆள் மேல் நடவடிக்கை எடுப்பார், மெமோ கொடுப்பார், என் பதவி நிற்கும் என்பதோடு என் கணக்கு முடிந்திருந்தது. மார்க் போன கோபத்தில் அவர் போனார். ஸ்டேஷனில் சூரியாவுக்கு இடது காது கேட்காமல் போனது. எந்த ஸ்டேஷன் என்று சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

மறுநாள் இருளாயி எங்கள் வீட்டைத் தேடி வந்துவிட்டார். சிம்மக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கி, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். ஒரு மஞ்சள் பை நிறைய மொச்சைக்காய். வாசலிலேயே நின்றார். ஸ்வப்னாதான் உள்ளே கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"எம்மகென் உங்களத்தான்யா சொல்லுறான். எங்கண்ணே பாத்துக்கிருவாரு, நீ அவரப் போயிப் பாருன்னான். எம்புட்டு அடி அடிச்சிருக்காக தெரியுமாய்யா? திரும்பிப் படுக்க முடியல அவனுக்கு."

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கிளம்பினேன். முதலில் தாளாளரைப் பார்த்துப் பேசினேன். கல்லூரிப் பெயர் பேப்பரில் வந்தால் அடுத்த வருஷச் சேர்க்கை போய்விடும், வழக்கு வேண்டாம், அவனே ஒப்புக்கொண்டு வேலையை விட்டுப் போகட்டும் என்றேன். அவருக்கும் அது சரியாகப் பட்டது. அன்று நான் மட்டும் பேசியிருக்காவிட்டால் அவன் ஜெயிலுக்குப் போயிருப்பான். இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஒப்புதல் கடிதத்தின் வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன். ஸ்டேஷனில் சூரியா அதை வாங்கி வெகுநேரம் படித்தான்.

"அண்ணே, செய்யாததச் செஞ்சேன்னு எப்டிண்ணே எழுதிக் குடுக்குறது?"

"வீட்டுக்குப் போக வேண்டுமா, வேண்டாமா? அம்மா வெளியே நிற்கிறார்கள்."

கையெழுத்துப் போட்டான். வெளியே வந்ததும் இருளாயி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும்யா" என்றார். சூரியாவும் கும்பிட்டான். நீங்கள் இப்போது என் முன்னால் வைத்திருக்கிற தாளைப் பார்த்ததும் அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது. இதில் எழுத்துப்பிழைகள் அதிகம். பிறகு திருத்தித் தருகிறேன்.

என் பதவி நின்றது. புதிய மெஷினும் வந்தது. தாளாளர் என்னை எல்லோரிடமும், "நம்ம தம்பி கண்ணுல எதுவும் தப்பாது" என்று அறிமுகம் செய்துவைத்தார். மற்றக் கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு விதி ஒரு நிறுவனத்தை எப்படிக் காப்பாற்றியது என்று பேசினேன். சூரியாவின் பெயரை ஒரு மேடையிலும் நான் சொன்னதில்லை. 'உள்ளே இருந்த ஒருவர்' என்று மட்டும் சொல்வேன்.

அவனுக்கு வேறு கல்லூரிகளில் வேலை கிடைக்கவில்லை. காளவாசலில் ஒரு பிரவுசிங் சென்டரில் சேரப் போனான். அந்த ஓனர் எனக்கு போன் செய்து, "ஆள் எப்படி சார்?" என்று கேட்டார். நானாக யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் மறைக்கவில்லை, அவ்வளவுதான். அவனுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டேன். அது குடும்ப விஷயம், எனக்கு விவரம் தெரியாது.

அது உசிலம்பட்டி ரோடு நெடுகச் செல்போன் டவர்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். ஏறத் தெரிந்த ஆட்களுக்கு நல்ல தேவை இருந்தது. கான்ட்ராக்டர் ஒருவரிடம் சூரியா கூலிக்குப் போனான். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கறுத்து இளைத்திருந்தான். இடது பக்கம் நின்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. அப்புறம்தான் காது விஷயம் நினைவு வந்து வலது பக்கம் போனேன்.

"அண்ணே, நல்லாருக்கீங்களா? அண்ணி நல்லாருக்காகளா?" என்றான். அப்புறம், "நானும் நெதம் யோசிச்சுப் பாக்குறேண்ணே. எம் மெஷின்ல யாரு உக்காந்திருப்பான்னு. லேபை நீங்க பாத்துக்கிட்டீங்கள்ல, யாரும் வந்த மாதிரி இருந்துச்சாண்ணே?" என்று கேட்டான்.

"யாரும் வரவில்லை, சூரியா" என்றேன். வரவில்லைதான். நான் மட்டும்தான் இருந்தேன்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் டவரிலிருந்து விழுந்துவிட்டான். ஈரக் கம்பி. பெல்ட் போட்டுக்கொள்ளவில்லை என்று பிரேதப் பரிசோதனைக் காகிதங்களோடு இருந்த அறிக்கையிலேயே இருக்கிறது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். கல்லூரியில் இருந்தபோதே பெல்ட் இல்லாமல் ஏணி ஏறாதே என்று அவனைக் கண்டித்தவன் நான். அந்தச் சாவை என் கணக்கில் எழுத முடியாது.

மாலை வாங்கிக்கொண்டு போனேன். கல்லூரியிலிருந்து போனது நான் ஒருவன்தான். இருளாயி என்னைப் பார்த்ததும் பெரிதாக அழுதார். பிறகு அடங்கி, "எல்லாம் விதிய்யா" என்றார். நாங்கள் தினமும் வேலையில் சொல்கிற வார்த்தை. அந்த இடத்தில் அதைக் கேட்டபோது என்னவோ போல் இருந்தது. ஸ்வப்னாவிடம் சொன்னேன். அதிலிருந்தே அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

மற்றது உங்களுக்குத் தெரியும். கல்லூரிக்கு ஏதோ தரச் சான்றிதழ் வேண்டும் என்று தாளாளர் ஏற்பாடு செய்ய, சென்னையிலிருந்து பத்மாசினி என்ற பெண் ஆய்வுக்கு வந்தார். எங்கள் சமூகத்துப் பெண். வந்ததும் எங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் பேச ஆரம்பித்தார். அலுவலகத்தில் எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்ததே இல்லை. என்னுடைய பேச்சைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். அந்தப் புகழ்பெற்ற விதியைப் பார்க்கலாமா என்றுகூட அவர் கேட்கவில்லை. நானாகத்தான் திறந்து காட்டினேன். இவ்வளவு சின்ன வரி, பாருங்கள் என்றேன். ஐந்து வருஷத்தில் அதைப் படித்துப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

படித்துவிட்டு அவர் தமிழுக்கு மாறினார்.

"சார், எல்லாரும் ஒரு அளவுக்கு மேல வந்தா எச்சரிக்கை கொடுன்னு எழுதுவாங்க. நீங்க ஏன் சரியா ஆயிரத்துப் பதின்மூணுன்னு எழுதினீங்க?"

"துல்லியமாக இருக்கட்டும் என்றுதான்."

"தாக்குதல் நடந்த அன்னைக்குக் காலையிலதான் இத எழுதியிருக்கீங்க. மதியம் அதே அளவுல வந்திருக்கு."

"முன்யோசனை" என்றேன்.

அவர் அந்த வரியின் ஆரம்பத்தில் விரலை வைத்துக் காட்டினார். "லேப்ல அறுபது மெஷின் இருக்கு. கல்லூரி முழுக்க நானூறுக்கு மேல. இந்த விதி ஒரே ஒரு மெஷின மட்டும்தான் பாக்குது, சார். அப்ப சூரியபிரகாஷ் பேருல இருந்த மெஷின. ஏன்?"

நான் அவருக்கு விளக்கினேன். எல்லா மெஷினையும் பார்க்கச் சொன்னால் எங்காவது ஒரு பையன் விளையாட்டாக எதையாவது செய்து, விசில் அடித்து, தாளாளர் இறங்கி ஓடி வந்து ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். பொய் எச்சரிக்கையைத் தவிர்ப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். அவர் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டார். என்னைப் பார்க்கவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து நேராகத் தாளாளர் அறைக்குப் போனார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்தார்.

ஆக, நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். தாக்கியது நான். விதி எழுதியது நான். அந்த மெஷினைக் காலையிலேயே தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் மதியம் அவனைக் கேபிள் இழுக்க அனுப்பினேன். அவன் செய்யவில்லை என்று, அவன் என்னைத் திரும்பப் பார்க்கச் சொன்னபோதும், அவன் அம்மா என் கையைப் பிடித்தபோதும், எனக்குத் தெரியும். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரு வரியை மட்டும் மாற்ற வேண்டும், சார். பத்மாசினி தன் அறிக்கையில் அந்த எச்சரிக்கை பொய்யானது என்று எழுதியிருக்கிறார். நீங்களும் அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை. அந்த விதி ஒரே ஒரு தடவைதான் ஒலித்தது. ஒலித்தபோது அந்த நாற்காலியில் உண்மையாகவே ஒருவன் அத்துமீறி உட்கார்ந்திருந்தான்.